பழைய பைக்கில் பேட்டரி ஏன் நிற்பதில்லை? மாற்றும் முன் அளந்து பார்ப்பது எப்படி?

காலையில் செல்ஃப் பட்டனை அழுத்தினால் 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது. ஹாரன் முனகுகிறது. பார்க்கிற எல்லோரும் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: "பேட்டரி போச்சு, மாத்திடுங்க." புது பேட்டரி போட்டதும் வண்டி எடுக்கிறது. சரி, தீர்ப்பு சரிதான் போல என்று நாமும் நம்பிவிடுகிறோம். சில மாதத்தில் அந்தப் புது பேட்டரியும் படுத்துவிடும். "இப்பல்லாம் பேட்டரி தரமாவே வர்றதில்ல" என்பது அடுத்த தீர்ப்பு.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முழு சார்ஜோடு கடையிலிருந்து வரும் பேட்டரியைப் போட்டால் எந்த வண்டியும் சில நாள் எடுக்கத்தான் செய்யும். சார்ஜே ஏறாத வண்டியும் எடுக்கும், ராத்திரி முழுக்க கரன்ட் கசிகிற வண்டியும் எடுக்கும். ஆகவே புது பேட்டரி போட்டதும் வண்டி எடுத்தது என்பதை வைத்துக் கோளாறு எங்கே இருந்தது என்று சொல்ல முடியாது. பேட்டரி இறங்கியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும் விளைவு மட்டுமே. யார் இறக்கினார்கள் என்பதைத்தான் தேட வேண்டும். அதைத் தேடப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். எலக்ட்ரிகல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்றும் அரை மணி நேரமும் போதும்.

ஸ்ப்ளென்டர், பல்சர், பழைய புல்லட் போன்ற கார்புரேட்டர் கால வண்டிகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அவற்றில் பெட்ரோலைக் கணக்கிட்டுத் தரும் கம்ப்யூட்டர் பெட்டி கிடையாது. வயர், காயில், ஸ்விட்ச், பல்பு, அவ்வளவுதான். அதனால் கோளாறு எங்கே ஒளிந்திருந்தாலும் பொறுமையாகத் தேடினால் கிடைத்துவிடும்.

ஏரியும் பேட்டரியும்

ஊர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்துக் கால்வாயில் தண்ணீர் வருகிறது. மதகைத் திறந்தால் வயலுக்குப் போகிறது. ஏரி நிறைந்த பிறகும் வரத்து நிற்காவிட்டால் மிச்சத் தண்ணீர் கலிங்கு வழியாக வழிந்து போகும். இல்லையென்றால் கரை உடையும். கரையில் நண்டு வளை இருந்தால் மதகு மூடியிருந்தாலும் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். பல வருடம் தூர் வாராத ஏரி, பார்ப்பதற்கு நிறைந்து தளும்பும். மதகைத் திறந்தால் நாலே நாளில் தரை தெரியும்.

பேட்டரிதான் ஏரி. எஞ்சினோடு சுற்றி மின்சாரம் உண்டாக்கும் மேக்னட் காயில்தான் வரத்து. லைட், ஹாரன், செல்ஃப் எல்லாம் மதகுகள். மிஞ்சும் மின்சாரத்தைத் தள்ளிவிடும் ஆர்.ஆர். யூனிட்தான் கலிங்கு. பழுதான ஸ்விட்ச், உரசிப்போன வயர், தவறாகக் கோத்த அலாரம் இவையெல்லாம் நண்டு வளைகள். வயதான பேட்டரிக்குள் படியும் உப்புதான் வண்டல்.

வோல்ட், ஆம்பியர் என்ற சொற்களும் இதிலேயே அடங்கிவிடும். நீர்மட்டம் எவ்வளவு உயரம் என்பது போன்றது வோல்ட். ஒரு நேரத்தில் எவ்வளவு தண்ணீர் பாய்கிறது என்பது ஆம்பியர். ஏரியின் மொத்தக் கொள்ளளவு ஆம்பியர் மணி, கடையில் ஏ.எச். என்பார்கள். கிக்கர் மட்டும் உள்ள பழைய ஸ்ப்ளென்டரில் இருப்பது 2.5 ஏ.எச். பேட்டரி. செல்ஃப் உள்ள பல்சர் 150-இல் 9 ஏ.எச். செல்ஃப் வந்த பிறகான புல்லட் வகைகளில் 14 ஏ.எச். ஸ்ப்ளென்டரின் ஏரி எவ்வளவு சின்னது என்பதைக் கவனியுங்கள். அதில் சின்னக் கசிவு கூடப் பெரிய விஷயம்.

வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். 35 வாட் ஹெட்லைட் 12 வோல்ட்டில் எரிந்தால் கிட்டத்தட்ட 3 ஆம்பியர் இழுக்கும். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் இந்தக் கட்டுரைக்குப் போதும்.

12 வோல்ட் காட்டினால் பேட்டரி நல்லதா?

இல்லை. அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான்.

12 வோல்ட் பேட்டரி என்பது ஒரு பெயர்தான். அதற்குள் ஆறு தனித்தனி அறைகள் உண்டு. முழு சார்ஜில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட் தரும். ஆறும் வரிசையாகச் சேர்ந்தால் 12.6. ஆகவே நல்ல நிலையில் முழுதாக நிறைந்த பேட்டரி 12.6 அல்லது சற்று மேலே காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். 11.8-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். "மீட்டர்ல 12 காட்டுது, பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்று யாராவது சொன்னால், அந்த வண்டியில் செல்ஃப் அநேகமாக எடுக்கப்போவதில்லை. நிறைந்ததற்கும் காலியானதற்கும் நடுவே இருப்பது ஒரு வோல்ட் கூட இல்லை. அதனால்தான் டெஸ்ட் பல்பு எரிகிறதா என்று பார்ப்பது போதாது. பல்பு இரண்டு நிலையிலும் எரியும்.

அளக்கும் முன் வண்டி நிறுத்தி சில மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். ஓட்டிவந்ததும் அளந்தால் மேலோட்டமான ஏற்றம் ஒன்று தெரியும், அது நிலைக்காது. மல்டிமீட்டரை டி.சி. வோல்ட் பக்கம் 20 என்ற அளவில் வையுங்கள். சிவப்பு முனை பேட்டரி பாசிட்டிவில், கறுப்பு முனை நெகட்டிவில். வயர்களின் முனையில் வைக்காதீர்கள், பேட்டரியின் ஈயக் கம்பத்திலேயே வையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இரவு முழுக்க சார்ஜ் போட்ட பிறகும் 10.5 அளவிலேயே நின்றால் ஆறில் ஓர் அறை செத்துவிட்டது என்று அர்த்தம். அந்த பேட்டரிக்கு வைத்தியம் கிடையாது.

இனி வண்டல் விஷயம். பேட்டரிக்குள் ஈயத் தகடுகள் நீர்த்த கந்தக அமிலத்தில் நிற்கின்றன. பிரான்சில் காஸ்தோன் பிளான்தே 1859-இல் உருவாக்கிய அடிப்படை இன்றும் மாறவில்லை. மின்சாரம் எடுக்க எடுக்கத் தகடுகளின் மேல் ஈய சல்பேட் என்ற உப்பு படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் ஏற்றினால் அந்த உப்பு மறுபடி கரைந்துவிடும். ஆனால் காலியான பேட்டரியை வாரக்கணக்கில் அப்படியே விட்டால் உப்பு கெட்டிப்பட்டுவிடும், பிறகு கரையாது. இதற்கு சல்பேஷன் என்று பெயர். அதன் பிறகு பேட்டரி 12.6 காட்டலாம், ஆனால் சுமை வந்ததும் பொத்தென்று விழும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். மீட்டரை பேட்டரியில் வைத்தபடியே செல்ஃப் அழுத்தச் சொல்லுங்கள். எஞ்சின் சுற்றும்போது வோல்ட் 10 பக்கமாவது நிற்க வேண்டும். 12.6-இலிருந்து 8, 7 என்று சரிந்தால் ஏரி தூர்ந்துவிட்டது. கிக்கர் வண்டியாக இருந்தால் பிரேக் லைட், இண்டிகேட்டர், ஹாரன் எல்லாவற்றையும் ஒரு நிமிடம் சேர்த்து இயக்கிப் பார்க்கலாம். நல்ல பேட்டரி கொஞ்சம் இறங்கி அங்கேயே நிற்கும், கெட்டது இறங்கிக்கொண்டே போகும்.

சுருக்கமாக: ஓய்வில் 12.6 காட்டுவது ஒரு பாதி. சுமையில் தாங்குவது மறுபாதி. இரண்டும் சரியாக இருந்தால் பேட்டரியை விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போகலாம். ஓய்வில் குறைவாகக் காட்டினால், சார்ஜரில் முழுதாக ஏற்றிவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பசியால் மயங்கியவருக்கும் நோயாளிக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடக் கூடாது.

வரத்து: காயிலும் ஆர்.ஆர். யூனிட்டும்

எஞ்சின் இடப்பக்க மூடிக்குள், அல்லது சில வண்டிகளில் வலப்பக்கம், காந்தம் பதித்த சக்கரம் ஒன்று கிராங்க்கோடு சேர்ந்து சுற்றும். அதன் நடுவே அசையாமல் நிற்கும் செப்புக் கம்பிச் சுற்றுகள்தான் காயில். காந்தம் கடந்துபோகும்போதெல்லாம் காயிலில் மின்சாரம் உண்டாகும். எஞ்சின் வேகமாகச் சுற்றினால் அதிகம், மெதுவாகச் சுற்றினால் குறைவு. திசை மாறி மாறி வரும் இந்த மின்சாரத்தை ஏ.சி. என்கிறோம். பேட்டரிக்கோ ஒரே திசையில் பாயும் டி.சி.தான் ஆகும்.

இடையில் நின்று இரண்டு வேலை செய்வது ஆர்.ஆர். யூனிட். முதல் ஆர் ரெக்டிஃபையர், ஏ.சி.யை டி.சி.யாக மாற்றுவது. இரண்டாவது ரெகுலேட்டர், அளவுக்கு மேல் ஏறாமல் காப்பது. மிஞ்சிய மின்சாரத்தை வெப்பமாக்கித் தள்ளிவிடுவதால்தான் அந்தப் பெட்டிக்கு அலுமினிய வரிகள் இருக்கின்றன, காற்று படும் இடத்தில் மாட்டியிருக்கிறார்கள். அதைக் கழற்றி சீட்டுக்கு அடியில் செருகிவைத்தால் சூட்டிலேயே அது சாகும்.

அளப்பது எளிது. எஞ்சினை ஓடவிட்டு, மீட்டரை பேட்டரியில் வைத்து, ஆக்ஸிலரேட்டரை நடுத்தரமாக, 3000 முதல் 4000 சுற்று வரை முறுக்குங்கள். 13.5-க்கும் 14.5-க்கும் இடையில் நின்றால் வரத்து நலம். 12.5-இலேயே கிடந்தால், அல்லது முறுக்க முறுக்க இறங்கினால், சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் கலிங்கு அடைத்துவிட்டது. ரெகுலேட்டர் போய்விட்ட அந்த வண்டியில் பல்புகள் அடிக்கடி ஃபியூஸ் போகும், பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றும். அப்படிப்பட்ட வண்டியில் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பவர்களைப் பார்க்கையில் மனம் பொறுக்கவில்லை. ஒரு பேட்டரி விலையில் பாதிக்கும் கீழே ஆர்.ஆர். யூனிட் கிடைக்கும் வண்டிகள் எத்தனையோ உண்டு.

சார்ஜ் ஏறவில்லை என்று தெரிந்ததும் காயிலை மாற்றச் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். காயிலிலிருந்து ஆர்.ஆர். யூனிட்டுக்குப் போகும் கப்ளரை, அதாவது வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகியை, கழற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பாக உருகியிருந்தாலோ பின்கள் பச்சை பூத்திருந்தாலோ கோளாறு அங்கேயே இருக்கலாம். பின் சுத்தமாக இருந்தால் மீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்கு மாற்றி, காயில் வயர்களில் அளந்து பாருங்கள். ஆக்ஸிலரேட்டர் முறுக்க முறுக்க வோல்ட் ஏறுகிறது என்றால் காயில் வேலை செய்கிறது, சந்தேகம் ஆர்.ஆர். மேல் போகும். ஏறவே இல்லை என்றால் காயில்.

ஹெட்லைட் மங்கினால் பேட்டரி வீக்கா?

சிக்னலில் நிற்கும்போது லைட் மங்குகிறது, கிளம்பினால் பளிச்சென்று எரிகிறது. "பேட்டரி வீக்" என்பார்கள். பழைய கிக்கர் வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கும் பேட்டரிக்கும் சம்பந்தமே இல்லை. காயிலில் லைட்டுக்கென்று தனிப் பகுதி உண்டு, அதிலிருந்து ஏ.சி.யாகவே ஹெட்லைட்டுக்குப் போய்விடும். எஞ்சின் சுற்று குறைந்தால் மங்குவது அதன் இயல்பு. எஞ்சினை நிறுத்திவிட்டு, சாவியை மட்டும் ஆன் செய்து ஹெட்லைட் ஸ்விட்சைப் போடுங்கள். எரியவில்லை, ஆனால் ஹாரனும் இண்டிகேட்டரும் வேலை செய்கின்றன என்றால் உங்கள் வண்டி இந்த வகை. எரிந்தால் பேட்டரியில் ஓடும் வகை.

இதே போல இன்னொன்று. "கிக் அடிச்சா ஒரே உதையில எடுக்குது, அதனால பேட்டரி நல்லாருக்கு." இந்த வண்டிகள் பலவற்றில் பிளக்குக்குப் பொறி தரும் சி.டி.ஐ. பெட்டிக்கும் காயிலிலிருந்தே நேராக மின்சாரம் போகும். பேட்டரியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்தாலும் வண்டி எடுக்கும். அதற்காக அப்படி ஓட்டாதீர்கள். வோல்ட்டின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ள பேட்டரி இல்லாதபோது பல்புகள் ஃபியூஸ் ஆகும். காண்டாக்ட் பாயின்ட் உள்ள பழைய புல்லட்டில் கதை வேறு. அதில் பொறிக்கு பேட்டரி வேண்டும், பேட்டரி இறங்கினால் கிக்கர் அடித்துக் கால்தான் வலிக்கும்.

அந்தப் பழைய புல்லட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் ஆம்பியர் மீட்டர். முள் பிளஸ் பக்கம் சாய்ந்தால் பேட்டரிக்குள் மின்சாரம் போகிறது, மைனஸ் பக்கம் சாய்ந்தால் வெளியே வருகிறது. ஓட்டிக்கொண்டே வரத்தையும் செலவையும் பார்த்துவிடலாம். பின்னால் வந்த வண்டிகளில் அதை எடுத்துவிட்டார்கள். அதனால்தான் நாம் மல்டிமீட்டரோடு உட்கார வேண்டியிருக்கிறது.

ஓடும்போதே தின்கிற செலவுகள்

பேட்டரி சரி, சார்ஜும் 14 காட்டுகிறது, இருந்தும் வாரத்துக்கொரு முறை இறங்குகிறது. அப்போது செலவுக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

முதலில் பிரேக் லைட். பின் பிரேக் பெடலோடு ஸ்பிரிங் வைத்துக் கட்டியிருக்கும் ஸ்விட்ச், வயதாகி இறுகினாலோ தவறாக அட்ஜஸ்ட் செய்யப்பட்டாலோ பிரேக் லைட்டை எப்போதும் எரியவிடும். ஓட்டுபவருக்குத் தெரியாது, பின்னால் வருபவர் சொன்னால்தான் உண்டு. அந்த பல்பு 21 வாட். அதாவது 1.75 ஆம்பியர், இடைவிடாமல். ஸ்ப்ளென்டரின் 2.5 ஏ.எச். பேட்டரியிலிருந்து அதை மட்டும் எரித்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் காலி. சாவியை ஆன் செய்து, பிரேக்கைத் தொடாமல் பின்னால் போய் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது நாமே மாட்டிய அலங்காரங்கள். 40 வாட் ஃபாக் லைட் மூன்று ஆம்பியருக்கு மேல் கேட்கும். நகரத்தில் இரண்டு கிலோமீட்டருக்கு நான்கு சிக்னல் என்று நின்று நின்று ஓட்டினால் காயில் அவ்வளவு தராது. மிச்சத்தை பேட்டரிதான் கொடுக்கும்.

மூன்றாவதுதான் யாரும் சந்தேகப்படாதது: எஞ்சின் கோளாறு. செல்ஃப் மோட்டார் 60 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று விநாடி அழுத்தினால் செலவான மின்சாரத்தை, ஓடும்போது உபரியாக வரும் 1 ஆம்பியரைக் கொண்டு மூன்று நிமிடத்தில் திருப்பிவிடலாம். அது பெரிய செலவே இல்லை. ஆனால் கார்புரேட்டர் அடைத்தோ பிளக் தேய்ந்தோ, காலையில் பத்து முறை அழுத்தினால்தான் வண்டி எடுக்கிறது என்றால் அரை மணி நேர ஓட்டம் வேண்டும். பால் வாங்கப் போய்வரும் ஐந்து நிமிட ஓட்டத்தில் அது திரும்பாது. நாளுக்கு நாள் கடன் ஏறும். பேட்டரி கடையில் தீர்வு தேடும் இந்தக் கோளாறுக்கு ஒரு பிளக்கும் கார்புரேட்டர் சர்வீஸும்தான் மருந்து.

நிறுத்திவைத்தபோது கசிவது

சாவி ஆஃப். வண்டி ஓரமாக நிற்கிறது. இரண்டு நாள் கழித்து பேட்டரி காலி. இதுதான் உண்மையான கசிவு.

எவ்வளவு கசிந்தால் பிரச்சினை? 9 ஏ.எச். என்றால் 9000 மில்லி ஆம்பியர் மணி. 40 மில்லி ஆம்பியர் கசிந்தால் 225 மணி நேரத்தில், அதாவது ஒன்பது நாள் சொச்சத்தில் மொத்தமும் காலி. பாதிக்குக் கீழே வந்தாலே செல்ஃப் திணறும் என்பதால் நாலைந்து நாளிலேயே வண்டி மக்கர் செய்யும். 2.5 ஏ.எச். பேட்டரியாக இருந்தால் ஒன்றரை நாள் போதும். எலக்ட்ரானிக் பொருள் எதுவும் இல்லாத பழைய வண்டியில் சாவி ஆஃபில் இருக்கும்போது கசிவு பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டும். டிஜிட்டல் கடிகாரம் உள்ள மீட்டர் என்றால் ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் இருக்கலாம்.

அளக்கும் முறை இது. சாவியை எடுத்துவிடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரை மட்டும் கழற்றுங்கள். மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் என்று எழுதிய துளைக்கு மாற்றி, டயலையும் அங்கே வையுங்கள். கழற்றிய வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையில் மீட்டரின் இரு முனைகளையும் வையுங்கள். கசியும் மின்சாரம் முழுவதும் இப்போது மீட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். அளவு மிகச் சிறியது என்று தெரிந்தால் மில்லி ஆம்பியர் அளவுக்கு இறங்கிச் சரியாகப் படிக்கலாம். இந்த நிலையில் சாவியையோ செல்ஃபையோ தொட்டுவிடாதீர்கள், மீட்டரோ அதன் ஃபியூஸோ போய்விடலாம். இன்னொரு முக்கியமான எச்சரிக்கை: வேலை முடிந்ததும் சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு உடனே மாற்றுங்கள். ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு பேட்டரியில் வோல்ட் அளக்கப் போனால் நேரடி ஷார்ட்.

கசிவு தெரிகிறதா? மீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். முதலில் வெளியே கடைகளில் மாட்டிய ரிமோட் அலாரம், ஜி.பி.எஸ்., பேட்டரியிலிருந்து நேராக எடுத்த மொபைல் சார்ஜர். குற்றவாளி பெரும்பாலும் இங்கேயே சிக்கிவிடும். அடுத்து ஆர்.ஆர். யூனிட்டின் கப்ளர். அதற்குள் டையோடு என்ற உறுப்பு மின்சாரத்தை ஒரே பக்கமாக மட்டும் விடும். அது பழுதானால் எஞ்சின் நின்ற பிறகு பேட்டரி மின்சாரம் காயிலுக்குத் திரும்பி ஓடத் தொடங்கும். வெளியே எந்த அடையாளமும் இருக்காது, சில சமயம் நிறுத்திவைத்த வண்டியில் அந்தப் பெட்டி மட்டும் லேசாகச் சுடும். பிறகு ஃபியூஸ், செல்ஃப் ரிலே, இக்னிஷன் ஸ்விட்ச். எதைக் கழற்றியதும் எண் விழுகிறதோ, கோளாறு அந்தப் பாதையில்.

இதுவரை வந்த வழியைப் பார்த்தால் கேள்விகள் மூன்றுதான். பேட்டரி தாங்குகிறதா? ஓடும்போது ஏறுகிறதா? நிற்கும்போது கசிகிறதா? இந்த வரிசையிலேயே போங்கள். இறங்கிய பேட்டரியை வைத்துக்கொண்டு சார்ஜிங் சோதனை செய்தால் எண்கள் உங்களைக் குழப்பும்.

மூன்றும் சரி, இருந்தும் மக்கர்: வயர்களும் எர்த்தும்

வாய்க்கால் தூர்ந்திருந்தால் ஏரி நிறைந்தும் பயனில்லை. பழைய வண்டிகளில் பாதிக் கோளாறுகள் இணைப்புகளில்தான் இருக்கின்றன. மின்சாரம் பல்புக்குப் போய் முடிந்துவிடுவதில்லை, பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பி வந்தால்தான் சுற்று முழுமையாகும். திரும்பி வரும் அந்தப் பாதை வண்டியின் சேஸியும் எஞ்சினும். இதைத்தான் எர்த் என்கிறோம். சேஸியில் எர்த் வயர் மாட்டிய போல்ட்டுக்கு அடியில் துருவோ, சமீபத்தில் அடித்த பெயின்ட்டோ இருந்தால் திரும்பும் வழி அடைபடும்.

எர்த் கெட்டால் வண்டி விசித்திரமாக நடந்துகொள்ளும். இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் கூடவே மினுக்கும். பிரேக் பிடித்தால் இண்டிகேட்டர் நின்றுவிடும். திரும்பி வர நேர் வழியில்லாத மின்சாரம் பக்கத்து பல்பு வழியாகச் சுற்றிப்போவதன் அடையாளம் இது. அதைப் பார்த்து பல்பையும், இண்டிகேட்டரை மினுக்கவைக்கும் ஃபிளாஷரையும் மாற்றிப் பணத்தைக் கரைக்க வேண்டாம்.

முன்பு பேட்டரியின் ஈயக் கம்பத்தில் அளக்கச் சொன்னதற்கு இப்போது காரணம் புரியும். லைட்டோ ஹாரனோ இயங்கும்போது கம்பத்தில் 12 வோல்ட் இருந்தும், அதை இறுக்கியிருக்கும் வயர் முனையில் 11 தான் வருகிறது என்றால் நடுவில் இருக்கும் வெள்ளைப் பூப்புதான் மிச்சத்தைத் தின்கிறது. இதற்கு வோல்ட் விழுதல் சோதனை என்று பெயர். மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் சிவப்பை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் வைத்து, செல்ஃபை அழுத்துங்கள். நல்ல எர்த் என்றால் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் வயரைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள். கைக்காசு செலவில்லாத இந்த வைத்தியத்தில் பிழைத்த வண்டிகள் ஏராளம்.

வந்து வந்து போகும் கோளாறுக்கு, ஹேண்டில் பாரின் கழுத்தைப் பாருங்கள். வலமும் இடமும் லட்சம் முறை வளைந்த வயர்கள், மேல் உறை நன்றாக இருக்க, உள்ளே கம்பி மட்டும் அறுந்திருக்கும். எஞ்சின் ஓட, ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால் லைட் துடிக்கிறதா என்று கவனித்தால் போதும். அப்புறம் பெட்ரோல் டேங்க்கின் அடி, பின் மட்கார்டின் உள்பக்கம், முன்பு யாரோ முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போன இணைப்புகள். அந்த டேப்பைப் பிரித்து சால்டர் வைத்து, மேலே சுருங்கு குழாய் போட்டால் பல வருடத்துக்குக் கவலையில்லை.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்றால் எங்கோ வயர் உரசிச் சேஸியைத் தொடுகிறது. சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றுவதோ, 10 ஆம்பியர் இடத்தில் 30 போடுவதோ கூடவே கூடாது. ஃபியூஸ் எரியாவிட்டால் வயர் எரியும், வயருக்கு மேலேதான் பெட்ரோல் டேங்க் இருக்கிறது.

புது பேட்டரியே போட வேண்டியிருந்தால்

சோதித்த பிறகும் பேட்டரிதான் போய்விட்டது என்று உறுதியானால் தாராளமாக மாற்றுங்கள். அமிலம் ஊற்றி எடுக்கும் வகை என்றால் ஊற்றிய கையோடு வண்டியில் மாட்டச் சொல்லாதீர்கள். முதல் சார்ஜை மெதுவாக, கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில், 9 ஏ.எச். என்றால் 0.9-இல் ஏற்றித் தரச் சொல்லுங்கள். இந்த முதல் சார்ஜை அவசரத்தில் தவிர்த்த பேட்டரி தன் முழுக் கொள்ளளவை எட்டாமலே போகலாம். பிறகு தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். அமிலம் ஊற்றக் கூடாது, ஏனென்றால் ஆவியாகிப் போவது தண்ணீர்தான்.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பாசிட்டிவை முதலில் தொட்டால் ஸ்பேனர் சேஸியில் பட்டு ஷார்ட் ஆகலாம். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு வரும், பக்கத்தில் தீக்குச்சி வேண்டாம். ஊருக்குப் போய் இரண்டு மூன்று வாரம் வண்டியைத் தொடப்போவதில்லை என்றால் முழுதாக சார்ஜ் ஏற்றிவிட்டு நெகட்டிவ் வயரைக் கழற்றி, முனையில் ஒரு துணியைச் சுற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

மெக்கானிக்கிடம் போவதாக இருந்தாலும் வெறுமனே "பேட்டரி இறங்குதுண்ணே" என்று சொல்லாமல், ஓய்வில் இவ்வளவு, செல்ஃப் அழுத்தும்போது இவ்வளவு, 4000 சுற்றில் இவ்வளவு, சாவி ஆஃபில் கசிவு இவ்வளவு என்று நான்கு எண்களை எழுதிக்கொண்டு போங்கள். நல்ல எலக்ட்ரீஷியன் அந்தச் சீட்டைப் பார்த்ததுமே எந்த மூடியைக் கழற்றுவது என்று முடிவு செய்துவிடுவார்.